திரும்ப மறுத்த பிக்கப் வண்டி

இரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் நாம் ஸ்டியரிங்கைப் பற்றி எழுதப் புகுந்தது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கு ஸ்டியரிங் என்பதே கிடையாதன்றோ! ஆயினும் திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுள் பிக்கப் வண்டியை நம்பிப் பிழைப்பவை பல. நம் மைத்துனர் குடும்பமும் அவற்றுள் ஒன்று. விடியுமுன் தோவாளைச் சந்தையில் பூ ஏற்றி, நாகர்கோவில், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் வந்து சாலைக் கடைத்தெருவில் இறக்குவது அவர் தொழில். பூவும் காத்திராது, வண்டிக் கடனின் தவணையும் காத்திராது.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு நாள் அவர் வந்து, "அத்தான், ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு, திருப்பினா தோளே விட்டுப் போவுது" என்றார். பட்டறை ஒன்றில் வண்டியை விட்டார். அங்கே மூடியைத் திறந்து பார்த்ததும் "பம்பு போய்விட்டது" என்று கூறி, அன்று மாலையே வேறு பம்பைப் பூட்டி அனுப்பிவிட்டனர். ஒரு மாதத் தவணைக்கு நிகரான தொகை செலவாயிற்று. ஆவணியில், ஓணத்திற்கு நான்கு நாள் இருக்கையில், புதிய பம்பும் ஓலமிடத் தொடங்கியது. அத்தப்பூவிற்காக ஊரே பூ வாங்கும் நாட்கள் அவை. இம்முறை அதே பட்டறையினர், "பம்போடு ஸ்டியரிங் பெட்டியையும் மாற்ற வேண்டும்" என்றனர். மைத்துனர் மனைவியின் வளையல்களைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தது.

நம் இலாகாவில் ஒரு வண்டி பத்து நிமிடம் தாமதித்தாலும் காரணம் கேட்டுக் கடிதம் வரும். அப்பழக்கத்தால், முதல் பம்பு ஏன் கெட்டது என்று யாரேனும் பார்த்தார்களா என வினவினோம். ஒருவரும் பார்க்கவில்லை. கரமனையில் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர் சிறு பட்டறை நடத்துகிறார். அவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம்.

இனி அவர் செய்தவற்றைக் கூறுமுன் பொறியின் தத்துவத்தைச் சிறிது அறிந்துகொள்வது நலம். எஞ்சினிலிருந்து வரும் பெல்ட் ஒரு சிறு பம்பைச் சுழற்றுகிறது. பம்பினுள் சுழலும் உருளையின் பள்ளங்களில் மெல்லிய தகடுகள் பொருந்தியுள்ளன. அவை டாங்கியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி, ஸ்டியரிங் பெட்டிக்குத் தள்ளுகின்றன. சக்கரத்தை முழுவதும் ஒடிக்கும்போது அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 1000 பவுண்டுக்கும் மேல் உயரும். ஓட்டுநரின் கைக்குத் துணையாவது இவ்வழுத்தமே. பிரான்சிஸ் டேவிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1926ஆம் ஆண்டில் இதனைக் காரில் பொருத்திக் காட்டினார். 1951இல்தான் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்தது. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் பம்புக்கு மாறாக மின்மோட்டாரே உதவுகிறது. பம்பு நின்றாலும் கைக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை; வண்டி திரும்பும். ஆனால் பாரம் முழுவதும் திடீரெனக் கையில் ஏறும். சாலைக் கடைத்தெருவில் சுமைகூலிகள் குறுக்கே நடக்கும் விடியற்காலையில் அது எத்தகைய அபாயம் என்பதை விவரிக்க வேண்டுவதில்லை.

கரமனைப் பெரியவர் முதலில் ஸ்பானரைத் தொடவே இல்லை. முன் டயர்களின் காற்றை அளந்தார். பெல்ட்டை விரலால் அழுத்தினார். கிளப்பும்போது கீச்சிடுவது பெரும்பாலும் பெல்ட் என்றும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகுவது பம்பு என்றும் விளக்கினார். முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருப்பிப் பார்த்தார். மூட்டுகளில் இறுக்கம் இல்லை. பின்னர் டாங்கியைத் திறந்தார். செந்நிறமாக இருக்க வேண்டிய எண்ணெய் கருத்து, நுரைத்து, கருகல் நாற்றம் வீசியது. அடியிலிருந்த சல்லடையில் இரும்புத்தூள் சேறுபோல் அப்பியிருந்தது. முதல் பம்பு தேய்ந்து உதிர்த்த தூள் அது! பழைய எண்ணெயை வடிக்காமல் புதுப் பம்பைப் பூட்டியதால், அதுவும் எண்ணெய் கிடைக்காமல் அரைபட்டிருக்கிறது.

ஆயினும் பெட்டி குற்றமற்றது என்று எங்ஙனம் துணிவது? அதற்கென ஓர் அழுத்தமானியை இரவல் வாங்கி வந்தார். பம்பிலிருந்து செல்லும் குழாயில் அதனை இணைத்து, எண்ணெய் சூடேறியபின், மானிக்கு அப்பால் உள்ள அடைப்பானை மூடினார். 5 வினாடிக்கு மேல் மூடலாகாது; பம்பே உடையும். மூடியவுடன் குறித்த அளவு அழுத்தம் எழுந்தால் பம்பு நல்லது, பெட்டியில் கசிவு. எழாவிடில் பம்பே பழுது. முள் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பெட்டியின் விலை மிச்சமாயிற்று, வளையல்கள் பிழைத்தன.

மாற்றும் வேலையில் விளக்கைப் பிடித்து நின்றது நம் பங்கு. பெல்ட்டைத் தளர்த்தி, குழாய்களைக் கழற்றி, தூசி புகாமல் அவற்றின் வாயைத் துணியால் அடைத்தார். புல்லியைச் சுத்தியால் தட்டாமல் இழுகருவி கொண்டே எடுத்தார். ரப்பர் வளையங்கள், செம்பு வாஷர்கள், உறிஞ்சும் ஹோஸ் யாவும் புதியன. உறிஞ்சும் ஹோஸில் வெடிப்பு இருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகுமாம். நாம் இதனை அன்றே அறிந்தோம். டாங்கியையும் மாற்றினார். திரும்பி வரும் ஹோஸை ஒரு புட்டிக்குள் விட்டு, முன் சக்கரங்கள் தூக்கிய நிலையில், எஞ்சினை இயக்காமல் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பச் சொன்னார். மைத்துனர் திருப்பத் திருப்ப, நாம் புது எண்ணெயை ஊற்றினோம். கைப்புத்தகத்தில் குறித்த எண்ணெயே வேண்டும். பிரேக் எண்ணெய் ஊற்றினால் ரப்பர் வளையங்கள் ஊறிக் கெடும். புட்டியில் விழுவது தெளிந்த சிவப்பாகும்வரை விடவில்லை. பிறகு ஹோஸைப் பூட்டி, குமிழி அடங்கும்வரை மீண்டும் இருபது முறை திருப்பினோம். அதன் பின்னரே எஞ்சினைக் கிளப்ப அனுமதித்தார். ஓசை இல்லை. ஒரு விரலால் ஸ்டியரிங் திரும்பியது.

அன்றிரவு இரண்டு மணிக்கு வண்டி தோவாளைக்குப் புறப்பட்டது. கழற்றிய பம்பைப் பெரியவர் பிரித்துக் காட்டினார். உள்வளையத்தில் உழவு சால் போன்ற கீறல்கள். அவ்வளையம் இப்போது மைத்துனர் வண்டியில் கண்ணாடியின் கீழே கிடக்கிறது. புறப்படுமுன் நாள்தோறும் டாங்கியின் மூடியைத் திறந்து எண்ணெயின் நிறத்தைப் பார்க்கிறார்.