சமோவாவின் சேம்புத் தோட்டங்கள்

நியூஸிலாந்துக்கு வடகிழக்கே, எரிமலைகள் எழுப்பிய உபோலு, சவாயி என்னும் இரு பெருந்தீவுகளையும் சில சிறு தீவுகளையும் கொண்டு, சுமார் 2 லட்சம் ஜனங்கள் வாழும் சமோவா தேசத்தில், பூமியின் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இன்றும் விலைக்கு வராத குடும்பச் சொத்தாகவே இருந்து வருகிறது. குடும்பத் தலைவரான 'மத்தாய்' அதைப் பரிபாலிக்கலாமே தவிர விற்க முடியாது. 1962-ல் சுதந்திரம் பெற்ற அத்தேசத்தின் அரசியல் சாசனமே அதைத் தடுத்திருக்கிறது. இத்தகைய நிலத்தை வங்கிகள் அடமானமாக ஏற்பதில்லை என்று பொருளாதார நிபுணர்கள் குறைகூறுவது வழக்கம். கடன்பட்டவன் நிலமற்றவனாகாமல் காத்ததும் அதே ஏற்பாடுதான் என்பதை அவர்கள் ஏனோ அவ்வளவாகச் சொல்வதில்லை.

அக்குடும்ப நிலங்களில் தென்னை நிழலில் சேம்பும் வாழையும், வீட்டருகே ஈரப்பலாவும், கொல்லையில் பன்றிகளுமாக நடந்துவந்த விவசாயத்தை, 1990-லும் 1991-லும் ஓஃபா, வால் என்ற இரு புயல்கள் அடுத்தடுத்து வந்து சிதைத்தன. மரங்கள் சாய்ந்தபின், சீக்கிரம் பலன் தருவதும் அயல்நாடுகளில் குடியேறிய உறவினர் விரும்பி வாங்குவதுமான சேம்பே ஏற்றுமதியில் பிரதானமாயிற்று. அதிலும் சந்தை விரும்பிய ஒரே ரகம் வயல்தோறும் பரவிற்று. நம் ஊர்ச் சேப்பங்கிழங்கின் இனமேயான அச்செடியை விதையிட்டு வளர்ப்பதில்லை. கிழங்கின் தலைப்பகுதியையும் பக்கக் கன்றுகளையுமே நடுவதால், ஒரு ரகத்தின் செடிகள் யாவும் ஒரே குணமுடையனவாய், ஒரே பலவீனத்தையும் பெற்றிருந்தன. 1993-ல் மழையோடு பரவிய இலைக்கருகல் நோய் அவற்றைச் சில மாதங்களில் நாசம் செய்தது. ஏற்றுமதி அநேகமாக அற்றுப்போயிற்று. ஆயினும் குடும்பங்கள் ஈரப்பலாவையும் வாழையையும் காட்டுச் சேம்பையும் உண்டு சமாளித்தன. வீழ்ந்தது குடும்ப விவசாயமன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட ஒற்றைப் பயிர் வியாபாரமே என்பது என் அபிப்பிராயம்.

சமோவாவின் அலாஃபுவாவிலுள்ள தென் பசிபிக் பல்கலைக்கழகத்தினர், பலாவு முதலிய இடங்களிலிருந்து வந்த, நோய் தாங்கும் ரகங்களை உள்நாட்டு ரகங்களுடன் கலந்து உண்டாக்கிய புதுச் செடிகளை, விவசாயிகளே தம் வயல்களில் நட்டு, சமைத்துச் சுவைபார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். நோய் தாக்கியபின், சமோவாவின் சேம்பு நியூஸிலாந்துக்கு மறுபடி ஒழுங்காகக் கப்பலேறுவதற்கு ஒன்றரை தசாப்தத்துக்கு மேலாயிற்று.

இப்போதைய சங்கடம் வேறு. 2007 முதல் நியூஸிலாந்து நடத்திவரும் பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் சேர்ந்து, சமோவா இளைஞர்கள் அங்கே பழத்தோட்டங்களில் கூலிக்குப் போகிறார்கள். அந்தப் பணத்தால் வீடுகள் செப்பனிடப்படுகின்றன, பிள்ளைகளின் படிப்பும் நடக்கிறது. ஆனால் அந்த இளைஞர்கள் திரும்பி வரும்வரை சொந்தத் தோட்டத்தின் உழைப்பு, வீட்டில் மிஞ்சிய சிலரையே சார்ந்து நிற்கிறது.