ஆரஞ்சு முதுகு மரங்கொத்தி: கலப்பினமா, கண்மயக்கமா?

மாலை ஐந்தரை மணி. காலடிப்பேட்டையில் தென்னை மரமொன்றில் 'டொக், டொக்' என்று ஒலி கேட்கிறது. நிமிர்ந்து பார்க்கிறீர்கள். பொன்முதுகு மரங்கொத்தி! ஆனால் முதுகு மஞ்சளாக இல்லை, ஆரஞ்சாகத் தெரிகிறது. இது கலப்பினப் பறவையாக இருக்குமோ?

உங்கள் ஐயம் நியாயமானதே. இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணப் பக்கம், பொன்முதுகு மரங்கொத்தி வாழ்கிறது. தெற்கே செம்முதுகு மரங்கொத்தி. இரண்டும் சந்திக்கும் இடைப்பகுதியில் அவை இணைசேர்கின்றன. அங்கே ஆரஞ்சு முதுகுப் பறவைகள் உண்டு. பெர்னாண்டோ, இர்வின், செனவிரத்ன ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, தோற்றத்தோடு மரபணுக்களையும் சோதித்து, கலப்பு நடந்தாலும் இவை இரு வேறு இனங்களே என்று காட்டியது.

சென்னையிலோ செம்முதுகு இனம் இல்லை. பிறகு ஆரஞ்சு எங்கிருந்து வந்தது? மாலைச் சூரியன் தாழ்ந்திருக்கும்போது, அதன் ஒளி காற்றில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீலமும் பச்சையும் பெரிதும் சிதறிவிடுகின்றன, சிவப்பு மிஞ்சுகிறது. அந்த ஒளியில் மஞ்சள் இறகும் சிவந்து தெரியும்.

இதைச் சோதிப்பது எளிது. பறவையின் கன்னத்திலுள்ள வெள்ளையைப் பாருங்கள். அதுவும் சிவந்திருந்தால் குற்றவாளி ஒளியே! கொண்டையின் சிவப்பைக் கணக்கில் கொள்ளாதீர்கள், அது இயல்பானது. மறுநாள் காலை பத்து மணிக்கு மீண்டும் பாருங்கள்.

அப்போதும் ஆரஞ்சாகவே இருந்தால்? ஒரே இனத்துக்குள்ளும் நிறம் சற்று மாறுபடும். ஆகவே நேரம், இடம், வெயில் ஆகியவற்றோடு 'ஆரஞ்சு முதுகு' என்று கண்டதை மட்டும் குறியுங்கள். 'கலப்பினம்' என்று உறுதியாக எழுத மரபணுச் சோதனை வேண்டும்.