சாவி யார் கையில்?

ஸ்கூபா டைவிங் போகிறவரின் காரைக் குறிவைப்பது திருடனுக்குச் சுலபம். படகேறினால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஆள் திரும்ப மாட்டார். கையில் போன் இருக்காது. சாவியும் பெரும்பாலும் கடலுக்குள் போயிருக்காது, கரையில்தான் எங்கோ இருக்கும். இதையெல்லாம் கண்டுபிடிக்க அவன் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. நீலாங்கரையிலோ புதுச்சேரியிலோ காலை ஆறு மணிக்கு டீக்கடை ஓரம் நின்றால், யார் குனிந்து டயருக்கு மேல் கைவிடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

டயர் மேல், பம்பருக்குள், வைப்பருக்கு அடியில் என்று நாம் ரகசியம் என நினைக்கும் இடங்கள் ஊருக்கே தெரிந்தவை. பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் என்றால் இன்னும் மோசம். சாவி அருகில் இருக்கும்வரை பல கார்களில் கைப்பிடியைத் தொட்டாலே கதவு திறந்துவிடும். திருடன் சாவியைத் தேடவே வேண்டாம்.

சரி, கூடவே தண்ணீருக்குள் கொண்டுபோகலாமா? கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. புதிதாகப் பயிற்சி முடித்தவர்கள் இறங்கும் 18 மீட்டரில், கரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. கழுத்தில் மாட்டும் பிளாஸ்டிக் போன் உறை மழைக்கும் நீச்சல் குளத்துக்கும் சரி, இந்த ஆழத்துக்கு ஆகாது. ரிமோட் சாவிக்குள் 3 வோல்ட் பட்டன் பேட்டரி இருக்கிறது. உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்தால் மின்சாரம் கண்ட இடத்தில் பாய்ந்து, சர்க்யூட்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். நனைந்துவிட்டால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காய்ந்தபிறகே திரும்பப் போடுங்கள். அரிசி டப்பாவில் புதைப்பதால் உப்பு போகாது.

டைவிங்குக்கென்றே ரப்பர் வளையம் வைத்த கெட்டியான சிறு டப்பாக்கள் கிடைக்கின்றன. அவற்றில் எத்தனை மீட்டர் தாங்கும் என்று எழுதியிருக்கும். எழுதியில்லை என்றால் வாங்காதீர்கள். முதல்முறை சாவியை வைக்காமல் ஒரு டிஷ்யூ தாளை மட்டும் வைத்து இறங்கிப் பாருங்கள். வளையத்தில் ஒரு தலைமுடியோ மணல் துகளோ ஒட்டியிருந்தால் போதும், டப்பா நிரம்பிவிடும். அதைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது. சுவாசக் கருவியின் காற்றுக் குழாயில் சிக்கினால் சாவியைவிடப் பெரிய பிரச்சினை. டைவிங் ஜாக்கெட்டின் பையில் கொக்கியோடு மாட்டி, ஜிப்பை மூடுங்கள். வாடகை ஜாக்கெட் என்றால் கரையேறியதும் முதல் வேலையாகச் சாவியை எடுத்துவிடுங்கள். அடுத்த படகில் அதே ஜாக்கெட்டை வேறொருவர் மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

நகை விஷயத்தில் சொல்ல அதிகமில்லை: வீட்டில் வையுங்கள். தண்ணீரில் ஊறிச் சுருங்கும் விரலிலிருந்து மோதிரம் நழுவுவது தெரியவே தெரியாது. தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள், கயிற்று முடிச்சையோ செயினின் கொக்கியையோ சரிபார்த்து, வெட்சூட்டுக்கு உள்ளே போகும்படி போட்டுக்கொள்வது நல்லது. லைசென்ஸும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் இருந்தால் சட்டப்படி செல்லும், அசலைச் சுமக்க வேண்டாம். போனின் சிம்முக்குத் தனி பின் போட்டு வையுங்கள். திரைப்பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், சிம்மை வேறு போனில் மாற்றினால் ஓ.டி.பி. அங்கே போய்விடும்.

ஆக, பலருக்கும் மிஞ்சுகிற வழி, டைவிங் நடத்துபவரிடம் சாவியைக் கொடுப்பதுதான். பிரச்சினையே அதைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது. சுவரில் ஆணி வரிசை, அதில் நாமே மாட்டிவிட்டுப் போகிறோம். யார் வந்து எடுத்தாலும் கேட்க ஆளில்லை. இதோடு, 'உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி உள்ள படிவத்திலும் கையெழுத்துப் போட்டிருப்போம். பொருள் காணாமல் போனதும் அந்த வரியைத்தான் காட்டுவார்கள். அதைப் பார்த்து வாயடைத்துத் திரும்பத் தேவையில்லை.

1998 ஆகஸ்டில் டெல்லி தாஜ்மஹால் ஓட்டலுக்கு மாருதி ஜென் காரில் வந்த ஒருவர், வாசலில் ஊழியரிடம் சாவியைக் கொடுத்தார். நள்ளிரவு தாண்டி வெளியே வந்தபோது கார் இல்லை. வேறொரு காரில் வந்த இளைஞர்களில் ஒருவன் மேசையில் இருந்த சாவியை எடுத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பார்க்கிங் டோக்கனில் 'உங்கள் சொந்தப் பொறுப்பு' என்று அச்சடித்திருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாவியும் காரும் கைமாறியபின், தான் போதிய கவனம் எடுத்துக்கொண்டதாக ஓட்டல்தான் நிரூபிக்க வேண்டும், தன் ஊழியரின் அலட்சியத்துக்கு அச்சடித்த வரியைக் காட்டித் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இது டைவிங் நிறுவனத்தைப் பற்றிய தீர்ப்பல்ல. ஆனால் பிறர் பொருளை வாங்கி வைப்பவர் அதைத் தன் பொருளைப்போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872-ன் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151, எல்லோருக்கும் பொதுவாகவே சொல்கிறது.

ஒரே நிபந்தனை, வாங்கி வைத்தார்கள் என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆணியில் மாட்டியதற்கு அத்தாட்சி கிடையாது. ஊழியரின் கையில் கொடுங்கள். 'சாவி ஒன்று, போன் ஒன்று, பர்ஸ் ஒன்று' என்று நிறுவனத்தின் எண்ணுக்கு ஒரு வாட்ஸப் படம் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு போனை அணையுங்கள். பூட்டுள்ள லாக்கர் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். முகம் சுளிப்பார்கள் என்றால் அதுவும் ஒரு தகவல்தான். பொதுச் சாலையில் நீங்களாக நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்துத் திருடினால் மட்டும் அவர்களைக் கேட்க வழியில்லை.

கார் போய்விட்டால் உடனே 112-க்கு அழையுங்கள், அன்றே எஃப்.ஐ.ஆர். பதியுங்கள். எந்தக் காவல் நிலையமும் எல்லை தன்னுடையதல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ம் பிரிவு. பதிய மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். அதனால் சாவி மட்டும் தொலைந்திருந்தாலும் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தொலைந்த சாவியைக் காரின் நினைவிலிருந்து நீக்கும் வசதி பெரும்பாலான ரிமோட் கார்களில் உண்டு. ஷோரூமில் மாற்றுச் சாவி செய்யும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய சாவி கிடைத்தவனுக்கு உங்கள் கார் எப்போதும் திறக்கும். 'கவனக்குறைவு' என்று சொல்லிக் காப்பீட்டை முழுதாக மறுத்தாலும் ஓய்ந்துவிட வேண்டாம். சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கியபோது லாரி பறிபோன வழக்கில்கூட 75 சதவீதம் தரவேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் 1930-க்கு அழையுங்கள். போனை முடக்க சஞ்சார் சாத்தி தளம். டைவிங் நிறுவனத்தின் மீதான சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை, செலுத்திய கட்டணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. எப்படி எழுதுவது என்று கேட்க 1915. மனுவோடு இணைக்க, படிவத்தின் நகலையும் பணம் கட்டிய ரசீதையும் அந்த வாட்ஸப் படத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.