இருபத்தெட்டாம் நாள் பரீக்ஷை

ஜனங்களின் வரிப்பணத்தால் எழும் பள்ளிக்கூடங்கள், பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள் யாவற்றின் ஆயுளும் கான்கிரீட்டின் தரத்தைப் பொறுத்திருக்கிறது. ஆகையால் அதைப் பரீக்ஷிப்பது இஞ்சினீயர்களின் காரியம் மட்டுமன்று, பிரஜைகளின் காரியமுமாகும்.

விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1965-ஆம் ஆண்டில் ஸ்தாபித்த கட்டுமானப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இன்று சென்னைத் தரமணியில் நடைபெறுகிறது. உயர்திறன் கான்கிரீட்டை ஆராய்வதும், தூண்களையும் உத்தரங்களையும் முறியுமளவும் பாரமேற்றிச் சோதிப்பதும் அதன் பணிகளில் சேர்ந்தவை. சாதாரண வீட்டுக் கான்கிரீட் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும். உயர்ந்த ரகமோ 600 கிலோவும் அதற்கு மேலும் தாங்கும். அன்றியும், நீரும் உப்பும் ஊடுருவாமல் தடுத்து, உள்ளிருக்கும் கம்பியைத் துருவினின்றும் காக்கும்.

இதன் ரகசியம் யாது? சிமெண்டை அள்ளிக் கொட்டுவதன்று; தண்ணீரைக் குறைப்பதேயாம். சாதாரண வேலைக்கு 50 கிலோ மூட்டைக்கு 27 லிட்டர் வரை நீர் சேர்க்கலாம். உயர்ந்த ரகத்திற்குச் சுமார் 15 லிட்டரே போதும். குழைவுக்கு ரஸாயனத் திரவமொன்று உதவுகிறது. சிமெண்டில் ஒரு பங்கிற்குப் பதிலாக அனல் மின்நிலையச் சாம்பல் சேர்கிறது. சுண்ணாம்புடன் செங்கற்பொடி கூட்டிய நம் முன்னோர் கையாண்ட தத்துவமே இது. அச்சாம்பல் நமது சேலம் ஜில்லாவில், மேட்டூரிலேயே கிடைக்கிறது.

ஆனால், அதே ஜில்லாவின் வாழப்பாடியிலும் சுற்றுக் கிராமங்களிலும் எழும் கட்டிடங்களுக்கு இந்த ஞானம் போய்ச் சேர வேண்டாமா? கலவை இளகட்டுமென்று ஒரு குடம் நீர் அதிகமாக ஊற்றினால், ஆராய்ச்சியின் பயன் முழுதும் அக்குடத்திலேயே கரைந்துவிடும். அதிகப்படியான நீர் உலர்ந்தபின் நுண்ணிய துவாரங்களே மிஞ்சும். சித்திரை வெயிலில் நீர் தெளித்துக் காவாத கான்கிரீட்டும் பலமடையாது. 7 நாட்களும், சாம்பல் கலந்ததாயின் 10 நாட்களும் ஈரம் காக்க வேண்டுமென்பது 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி.

பரீக்ஷையோ எளிது. கொட்டும் கலவையிலிருந்தே மாதிரி எடுத்து, 15 சென்டிமீட்டர் கனச்சதுரக் கட்டிகள் மூன்று வார்த்து, நீரில் வைத்து, 28-ஆம் நாள் இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பதே அது. செலவாகுமே என்பர் சிலர். இடித்துக் கட்டும் செலவையும், இடிபாட்டில் போகும் உயிரின் விலையையும் அவர்கள் கணக்கிடுவார்களாக!

ஊர்ப்பணத்தில் கட்டிடம் எழும்போது, கிராம சபையிலே எழுந்து, "28-ஆம் நாள் முடிவு எங்கே?" என்று கேளுங்கள். பதில் வாராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. திறப்பு விழாவில் மாலையிடுவதினும் இக்கேள்வியைக் கேட்பதே சிறந்த தேசத்தொண்டாகும்.