வீடு எது, வயல் எது என்று ரேடாருக்குத் தெரியுமா?

ஐப்பசி அடைமழை. விடிந்தும் விடியாத நேரம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கு முழுக்க மேகம் மூடிக் கிடக்கிறது. அப்போதும் 747 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பாளையங்கோட்டையின் வீடுகளைப் பக்கத்து வயல்களிலிருந்து பிரித்துக் காட்ட முடியும், தெரியுமா? நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று அனுப்பிய நிசார் செயற்கைக்கோள் அந்த வேலைக்காரன்தான்! வெயில் வேண்டாம், தெளிந்த வானம் வேண்டாம். தானே ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதை 12 மீட்டர் ஆன்டெனாவில் வாங்கிக்கொள்கிறது.

வீட்டையும் வயலையும் பிரிக்கும் சூட்சுமம், பள்ளியில் படித்த தளவிளைவில் இருக்கிறது. அலை செங்குத்தாகவும் அதிரலாம், கிடையாகவும் அதிரலாம். எப்படிப் போனது, எப்படித் திரும்பியது என்று பார்த்தால் பட்ட பொருள் பிடிபடும். வெறுந்தரையில் ஒருமுறை தெறிக்கும். தெருவில் பட்டு, சுவரில் பட்டுத் திரும்பினால் இரட்டைத் தெறிப்பு. தென்னந்தோப்புக்குள் நுழைந்தால் கிளையிலும் மட்டையிலும் சிதறி, செங்குத்தாகப் போனது கிடையாகவும் கலந்து வரும். இந்த மூன்றையும் கணக்கால் பிரித்துக் காட்டியவர்கள் ஃப்ரீமேனும் டர்டனும், 1998-ல். சிக்கலான நகரக் கட்டடங்களுக்காக 2005-ல் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார் ஜப்பானின் யமகுச்சி.

தெருவின் திசைகூட முக்கியம், தெரியுமா? செயற்கைக்கோள் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் பறந்து, பக்கவாட்டில் பார்க்கிறது. நெல்லையப்பர் கோயிலின் மேல ரத வீதி, கீழ ரத வீதிபோல அந்தப் போக்கை ஒட்டி ஓடும் தெருவில் சுவர்கள் அதற்கு முகம் கொடுத்து நிற்கும். எவ்வளவு நேராக நிற்கிறதோ அவ்வளவு வலுவாக அலை திரும்பும். கால்வாயோரம் கோணலாகப் போகும் தெருவோ தோப்புபோலத் தெரிந்து ஏமாற்றிவிடும்! அந்தக் கோணத்தைக் கணக்கிட்டுத் திருத்தாமல் ஊரை அளந்தால் பாதி வீடுகள் மரமாகிவிடும்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் பிசான நெல் பருவத்தில். நடவு முடிந்து பயிர் நிமிர்ந்து நிற்கிறது, அடியில் தண்ணீர். அலை தண்ணீரில் பட்டு, தண்டில் பட்டுத் திரும்புகிறது. அதுவும் இரட்டைத் தெறிப்பு! ஊரும் வயலும் பின்னிக் கிடக்கும் நம் ஆற்றங்கரையில் எதை வைத்துப் பிரிப்பது? காலத்தை வைத்துத்தான். நிசார் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்கு வருகிறது. பயிர் வளரும், அறுவடையாகும், தரிசாகும். சுவர் அப்படியே நிற்கும்.

இதே இரட்டைத் தெறிப்பு வெள்ளத்திலும் கைகொடுக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! நெல்லை ஜங்ஷன் பக்கம் தெருவெல்லாம் ஆறு. இப்படி வெள்ளம் சூழ்ந்தால் திறந்தவெளி ரேடார் படத்தில் கறுத்துப்போகும். வீடுகள் நெருங்கிய தெருவோ கூடுதலாக மின்னக்கூடும். தேங்கிய தண்ணீர் கண்ணாடியாகி, சுவரோடு சேர்ந்து இரட்டைத் தெறிப்பைக் கூட்டிவிடும். கறுப்பை மட்டும் தேடினால் மூழ்கிய தெருக்கள் கணக்கில் வராது! வெள்ளத்துக்கு முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்து, தெறிப்பு திடீரென்று எங்கே கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்புப் படகுகளை எந்தத் தெருவுக்கு அனுப்புவது என்று அதைக் கொண்டு முடிவு செய்யலாம்.