ஒரே ஒரு தள்ளுபடிக்கு ஏழு ஃபைலா? ஐ.டி இளைஞர்களும் டிசைன் பேட்டர்ன் மோகமும்!

சென்னை ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை பார்க்கும் என் கல்லூரித் தோழன், போன வாரம் முகம் வாடி வந்தான். பில்லில் 10 சதவிகிதம் தள்ளுபடி கழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. நாலு வரியில் முடிந்திருக்கும். இவன் எழுதியதோ ஏழு ஃபைல். பில்லில் ஒரு ரூபாய் பிசகியபோது, தப்பு எந்த ஃபைலில் என்று கண்டுபிடிக்க அவனுக்கே அரை நாள் ஆகிவிட்டது.

"ஃபேக்டரி, ஸ்ட்ராட்டஜி, சிங்கிள்டன்னு எல்லாம் போட்டிருக்கியே... மொத்தம் எத்தனை விதமான தள்ளுபடி இருக்கு தம்பி?" என்று கேட்டிருக்கிறார் சீனியர்.

"ஒண்ணுதான்க்கா."

"அப்போ மீதியெல்லாம் யாருக்கு?"

இன்டர்வியூவில் இதையெல்லாம்தானே கேட்டார்கள் என்பது அவன் ஆதங்கம். அதுவும் நியாயம்தான்.

மென்பொருள் எழுதும்போது திரும்பத் திரும்ப வரும் சிக்கல்களுக்கு, பலர் பட்டுத் தெரிந்துகொண்ட தீர்வுகள்தான் டிசைன் பேட்டர்ன்கள். உதாரணத்துக்கு, ஸ்ட்ராட்டஜி. ஒரே கணக்கைப் பல விதமாகப் போட வேண்டியிருந்தால், ஒவ்வொரு விதத்தையும் தனித்தனியாக எழுதிவைத்து, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். பண்டிகைக்கு ஒன்று, பழைய வாடிக்கையாளருக்கு ஒன்று எனத் தள்ளுபடிகள் பெருகினால் இது வரம். இருப்பதே ஒன்றுதான் என்றால், வெறும் சுமை.

இந்த யோசனை பிறந்தது கணினித் துறையில் அல்ல. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டர் தன் சகாக்களோடு 1977-ல் வெளியிட்ட புத்தகத்தில், வீடும் தெருவும் ஊரும் அமைப்பதற்கு 253 பேட்டர்ன்கள் இருந்தன. ஒரே பேட்டர்னை எத்தனை முறை எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிதான் வரும் என்பது அவர் கட்சி. அந்த வழியில் எரிக் காமா உள்ளிட்ட நால்வர், 1994-ல் மென்பொருளுக்கென 23 பேட்டர்ன்களைத் தொகுத்தார்கள். 'கேங் ஆஃப் ஃபோர்' என்றால் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புத்தகம் ஒவ்வொரு பேட்டர்னும் எங்கே பொருந்தும், பயன்படுத்தினால் என்ன விளைவு என்று தனித்தனித் தலைப்பில் சொல்கிறது. தோழனின் இன்டர்வியூ நோட்ஸில் அந்த இரண்டு பகுதியும் இல்லை! 23-ல் 16 பேட்டர்ன்கள் லிஸ்ப், டைலன் போன்ற மொழிகளில் எளிமையாகிவிடும், அல்லது இருப்பதே தெரியாது என்று 1996-லேயே காட்டினார் பீட்டர் நார்விக். எரிக் காமாவே 2009-ல் ஒரு பேட்டியில், சிங்கிள்டனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றார்.

"பேட்டர்ன் தெரிஞ்சு வெச்சுக்கோ. மூணாவது, நாலாவது தள்ளுபடி வரட்டும், அப்போ எடு" என்றாராம் சீனியர்.

ஏழு ஃபைலையும் அழித்துவிட்டு ஒரே ஃபங்ஷனாக எழுதிக் கொடுத்திருக்கிறான். தீபாவளிக்கு இரண்டாவது தள்ளுபடி வருகிறதாம். இப்போதைக்கு ஒரு 'இஃப்' போதும் என்கிறான்.