பற்றவும் விடவும் அறிந்த திரவம்

உடலிலிருந்து எடுத்த இரத்தம் உறைந்துவிடாதபடி அதில் சிறிது சோடியம் சிட்ரேட்டைக் கலந்து, ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசையாமல் சில மணி நேரம் நிறுத்தி வைத்தால், அதுவரை ஒரே செந்நிறத் திரவமாய்த் தோன்றியது தானாகவே அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். மேலே, மொத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகமாக, வெளிர்மஞ்சளாய்த் தெளிந்து நிற்பது பிளாஸ்மா. அடியில் கருஞ்சிவப்பாய்ப் படிந்திருப்பவை சிவப்பணுக்கள். இவ்விரண்டுக்கும் நடுவே, உற்று நோக்கினாலன்றிப் புலப்படாத வெண்படலமாய்த் தங்கியிருப்பவை வெள்ளணுக்களும் தட்டணுக்களும்.

பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு நீரேயாயினும், புரதங்களும் உப்புகளும் சர்க்கரையும் சுரப்பிகளின் ரசங்களும் தேகமெங்கும் போய்ச் சேர்வதும், யூரியா முதலிய கழிவுகள் சிறுநீரகத்தை வந்தடைவதும் அதன் வழியாகத்தான்.

ஆயினும், இரத்தத்தின் மகிமையை உள்ளபடி உணர வேண்டுமானால், அடியிலே படிந்த சிவப்பணுவைத்தான் நாம் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிதாகப் பரப்பி மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், தனித்து நிற்கும் அணு சிவப்பாக இராமல் வெளிறிய மஞ்சளாகத் தோன்றுவது முதன்முறை பார்ப்பவரைத் திகைக்கச் செய்யும். லட்சக்கணக்கில் நெருங்கித் திரளும்போதுதான் நாம் அறிந்த அந்தச் செம்மை பிறக்கிறது. ஒரு கன மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 50 லட்சம் அணுக்கள் அடங்கும். இரு புறமும் நடுவே குழிந்த வட்டத் தகடு போன்ற இவ்வணு, எலும்பு மஜ்ஜையில் பிறந்து முதிரும்போதே, ஏனைய உயிரணுக்கள் போற்றிக் காக்கும் உட்கருவை வெளியே தள்ளிவிட்டு, ஹீமோகுளோபின் என்னும் இரும்புள்ள புரதத்தால் தன்னை நிரப்பிக் கொள்கிறது. ஆயுள் முழுவதும் பிராணவாயுவைச் சுமந்து திரிந்தும், அதில் ஒரு துளியையேனும் தனக்கென்று செலவிடுவதற்கான சாதனம் அதனிடம் இல்லை என்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஒரு லிட்டர் இரத்தத்தில் வெறுமனே கரைந்து நிற்கக்கூடிய பிராணவாயு 3 மில்லிலிட்டர் அளவே. ஹீமோகுளோபினின் துணையாலோ அது ஏறக்குறைய 200 மில்லிலிட்டரைத் தாங்குகிறது. ஆனால் வாரிக்கொள்வது மாத்திரமே அதன் சாமர்த்தியமாயிருந்தால் நாம் உயிர் வாழ முடியாது. நுரையீரலில் பற்றிய வாயுவை, உழைக்கும் தசையை அடைந்ததும், அங்கே மிகுந்திருக்கும் கரியமிலவாயுவும் அமிலமும் உஷ்ணமும் தூண்ட, பிடி தளர்ந்து விட்டுக்கொடுக்கிறதே, அந்த விடுதல்தான் நம்மைக் காப்பது. அதன் அருமையைக் கார்பன் மோனாக்சைடு கொடுமையாக மெய்ப்பிக்கிறது: மூடிய அறையில் கரியடுப்பு கனன்றால் எழும் இந்த நச்சுவாயுவின்மீது ஹீமோகுளோபினுக்குள்ள பற்று, பிராணவாயுவின்மீது உள்ளதைவிட 200 மடங்குக்கும் மேலாகையால், பிடித்ததை எளிதில் விடமாட்டாமல் அது செயலற்றுப் போக, உறங்கியவர் உறக்கத்திலேயே மடிகிறார்.

சுமார் 120 நாட்கள் ஓடிக் களைத்த சிவப்பணு மண்ணீரலிலும் கல்லீரலிலும் சிதைக்கப்படும்போது, அதன் மஞ்சள் நிறக் கழிவு பித்தத்தில் கலந்து வெளியேறுகிறது. இரும்போ வீணாகாமல் மஜ்ஜைக்கே திரும்புகிறது. ஆகாரத்திலிருந்து உடல் நாளொன்றுக்கு ஏற்கும் இரும்பு ஒன்றிரண்டு மில்லிகிராமே ஆதலால், இந்தச் சிக்கனம் இன்றியமையாதது. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடக்கும் ஏழைக் குழந்தையின் குடலில் கொக்கிப்புழு புகுந்து, சிறுகச் சிறுக இரத்தத்தை உறிஞ்சிச் சோகையில் தள்ளுவது இதனாலேயே. ஒரு ஜோடிச் செருப்பாலும் ஒரு கழிப்பறையாலும் தடுக்கக்கூடிய இத்துன்பத்தை நாம் பொறுத்துக்கொண்டிருப்பது நியாயமன்று.

வெள்ளணுக்களின் போர்த்தொழிலை அனைவரும் அறிவர். 1882-இல் மெஸ்ஸினா நகரில் மெச்னிகாஃப் என்னும் உயிரியலாளர், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செருகி வைத்து, மறுநாள் அதைச் சூழ்ந்து மொய்த்து நின்ற உயிரணுக்களைக் கண்டதிலிருந்தே அக்கல்வி தழைத்தது என்பதை மட்டும் சொல்லி அப்பால் செல்கிறேன்.

நாளத்துக்குள் ஓயாமல் ஓட வேண்டிய இரத்தம், காயத்தின் வாயிலில் மட்டும் உறைய வேண்டும். அங்கே தட்டணுக்கள் முதலில் ஒட்டிக்கொண்டு அடைக்க, பிளாஸ்மாவில் கரைந்திருந்த ஃபைப்ரினோஜன், கால்சியத்தின் உதவியோடு நடைபெறும் தொடர்மாற்றங்களின் முடிவில், ஃபைப்ரின் நூல்களாகத் திரண்டு அணுக்களைச் சிக்கவைத்துக் கட்டியாகிறது. புண் ஆறியதும் அந்நூல்களைக் கரைப்பதற்கும் இரத்தத்திலேயே ஒரு பொருள் உண்டு. கரையாமல் தங்கும் கட்டி இருதயத்தின் தமனியை அடைத்தால் வரும் விபரீதத்தை விவரிக்கத் தேவையில்லை.

சிட்ரேட் அந்தக் கால்சியத்தைக் கவர்ந்துகொள்வதால்தான் நம் குழாயில் இரத்தம் உறையவில்லை. 1901-இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைப் பிரித்தறிந்ததோடு, 1914-இல் சிட்ரேட்டின் இக்குணமும் பயன்பாட்டுக்கு வந்த பிறகே, ஒருவர் அளித்த இரத்தத்தைச் சேமித்து வைத்துப் பின்னர் வேறொருவருக்கு ஏற்றுவது கைகூடியது. 350 மில்லிலிட்டர் அளித்தவர் உடலில் பிளாஸ்மாவின் நீர் ஓரிரு நாளில் நிரம்பிவிடும்; சிவப்பணுக்கள் முன்போல் பெருகப் பல வாரங்களும், இரும்பு ஈடாக அதற்கு மேலும் ஆகும். அதனால்தான் நம் நாட்டில் ஆண்கள் 3 மாதமும் பெண்கள் 4 மாதமும் கழிந்த பின்னரே மறுமுறை இரத்தம் அளிக்கலாம் என்று விதித்திருக்கிறார்கள்.